கண் காட்டும் கோடும் கால் அறிந்த கோடும்

வன்னி மண்ணுக்கும் கோல்ப் விளையாட்டுக்கும் தொடர்பு ஏதும் உண்டென்று எவரும் நினைப்பதில்லை. குளமும் காடும் வயலும் சேர்ந்த நிலம் வன்னி. செல்வந்தர்கள் குறுகத் தறித்த புற்றரையில் ஆடும் ஆட்டம் கோல்ப். இரண்டையும் ஒரு கட்டுரையில் சேர்த்து எழுதுவது வாசகர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இழை ஓடுகிறது. அந்த இழை எமது மக்களில் ஒரு பகுதியினரின் வரலாற்றோடு பிணைந்தது என்பதாலேயே இதனை எழுத நேர்ந்தது.

கோல்ப் ஆட்டத்தில் பந்தைப் பல நூறு யார் தூரத்துக்கு அடிப்பவரைக் கண்டு கூட்டம் வியக்கும். ஆனால் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முடிவாவது குழிக்கு அருகிலுள்ள சிறு புற்றரையில்தான். அங்கே பந்தை உருட்டிக் குழியில் விழுத்துவதைப் பட்டிங் என்பர். அதற்குத் தோள்வலி தேவையில்லை. கண் நேராகப் பார்க்க வேண்டும். பார்த்த திசைக்கு மட்டையின் முகம் நேராக நிற்க வேண்டும். குறி என்பது முதலாவது. நேர்நிறுத்தல் என்பது இரண்டாவது.

இதன் கடினத்தை ஒரு சிறு கணக்கு விளக்கும். குழியின் விட்டம் 4¼ அங்குலம், அதாவது 108 மில்லிமீற்றர். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரிலுள்ள கழகம் 1891 இல் விதித்த அளவு அது, இன்றுவரை மாறவில்லை. 10 அடி தூரத்தில் நின்று குழியின் நடுவைக் குறிவைத்தவரின் பந்து 1 பாகை விலகிப் புறப்பட்டால், குழியை அடையும்போது ஏறத்தாழ 2 அங்குலம் விலகிவிடும். குழியின் பாதி அகலமும் அதுவே. 20 அடியில் அதே 1 பாகை, முழுக் குழியின் அகலத்துக்கு விலகலைத் தந்துவிடும். மணிக்கூட்டின் நிமிடமுள் ஒரு நிமிடத்தில் நகர்வது 6 பாகை. அதில் ஆறில் ஒரு பங்கு பிழைத்தாலே ஆட்டம் கைநழுவிப் போகும்.

இந்த ஒரு பாகையை வெல்லுவதற்காக மேலைநாட்டார் மட்டையை மாற்றிக்கொண்டே வந்தனர். 1904 இல் இங்கிலாந்தின் சான்ட்விச் மைதானத்தில் அமெரிக்கரான வோல்ரர் ட்ரவிஸ், தண்டு தலையின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்ட புதுவகை மட்டையொன்றைக் கொண்டு பிரித்தானிய அமெச்சூர் பட்டத்தை வென்றார். அவ்வகை மட்டைகளை 1910 இல் சென் அன்ட்றூஸ் கழகம் தடைசெய்தது. அத்தடை நீங்க 1950களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த கார்ஸ்டன் சொல்ஹெய்ம், எடையை மட்டைத் தலையின் இரு ஓரங்களுக்கும் பகிர்ந்தார். பந்து நடுவில் படாதபோதும் மட்டையின் முகம் அதிகம் திரும்பாதிருக்கும் உபாயம் அது. 1966 இல் அவர் வடித்த அன்சர் என்னும் மட்டையின் சாயலை இன்றும் கடைகளில் காணலாம்.

இவை யாவும் நூல்களில் ஏறிவிட்ட வரலாறு. ஏறாத வரலாறு ஒன்றும் உண்டு. அது பை சுமந்தோரின் வரலாறு.

இலங்கையில் கோல்ப் 1879 இல் கொழும்பு காலிமுகத் திடலில் தொடங்கியது. 1896 இல் அக்கழகம் பொரளைப் பக்கம் இடம்பெயர்ந்தது. 1889 இல் நுவரெலியாவில் மற்றொரு கழகம் எழுந்தது. கோப்பிச் செடி நோயில் அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்திருந்த காலம் அது. தோட்டத்துத் துரைமாருக்கு ஓய்வுநேர ஆட்டம் தேவைப்பட்டது. துரைமார் ஆடினால் பை சுமக்க ஆள் வேண்டும். மலைநாட்டு மைதானங்களைச் சூழ இருந்ததோ திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த தொழிலாளரின் லயங்கள். அந்த லயங்களின் சிறுவர் சிலர் கெடிகள் ஆயினர்.

கெடியின் வேலை பை சுமப்பதோடு முடிவதில்லை. பந்து எந்தப் பக்கம் வளையும், எவ்வளவு வளையும் என்று சொல்வதும் அவன் வேலை. ஒரே புற்றரையை நாள்தோறும் மிதித்தவனுக்கே அதன் மேடும் பள்ளமும் தெரியும். ஆட்டக்காரர் அடித்தார், கோட்டைச் சொன்னவன் அருகில் நின்றான். வெற்றிக் கிண்ணத்தில் அவன் பெயர் பொறிக்கப்படவில்லை.

போர் முடிந்து மூன்றாண்டுகளின் பின்னர், 2012 இல், கிளிநொச்சி மாவட்டத்தின் குடியேற்றக் கிராமம் ஒன்றில் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். மீள்குடியேற்ற வீட்டுத்திட்டம் பற்றியே விசாரித்தேன். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டு வந்து பேசினார். சிறுவயதில் மலைநாட்டில் துரைமாருக்குப் பை தூக்கியதாகச் சொன்னார். 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின்னர் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். கோல்ப் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

"ஐயா, பந்து எந்தப் பக்கம் போகும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தம்பி, கண்ணு பொய் சொல்லும். காலு பொய் சொல்லாது," என்றார். "பந்துக்கும் குழிக்கும் நடுவுல போயி வெறுங்காலோட நிப்பேன். எந்தப் பாதம் அழுந்துதோ அந்தப் பக்கம் சரிவு. ஒரு செம்புத் தண்ணிய ஊத்துனா எங்க ஓடும்னு நெனச்சுப் பாப்பேன். அங்கதான் பந்தும் ஓடும்."

அவர் மேலும் சொன்னவற்றை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். குழியைக் குறிவைக்கச் சொல்லமாட்டாராம். பந்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில், கோட்டின் மேல் ஒரு புல் நுனியைக் காட்டி, அதன்மேல் உருட்டச் சொல்வாராம். தூரத்துக் குறிக்கு நேராக நிற்பது எவருக்கும் கடினம். ஒரு சாண் தூரத்துக் குறிக்கு நேராக நிற்பது எளிது. முதலில் மட்டையின் முகம் அந்தப் புல்லைப் பார்க்க வேண்டும். காலும் தோளும் அதற்குப் பிறகுதான் நிற்க வேண்டும். காலை முதலில் ஊன்றினால் உடம்பு மட்டையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்றைய பயிற்சியாளர் பலர் சொல்வதும் இதுவே. பந்து புறப்படும் திசையைப் பெரிதும் தீர்மானிப்பது அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கும் திசையாகும். மட்டை பயணிக்கும் பாதையின் பங்கு சிறிது. பந்தின் பின்னால் குந்தியிருந்து இரு கண்ணாலும் பார்க்கும்போது தெரியும் கோடு, பந்தின் அருகே பக்கவாட்டில் நின்று குனிந்து பார்க்கும்போது இடம் மாறியதுபோல் தோன்றும். எனவே பின்னால் நின்று கோட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாட்டில் நின்றபின் அதனைத் திருத்தக்கூடாது. வேகமும் இதில் சேரும். மெதுவாக உருளும் பந்து சரிவுக்கு அதிகம் இணங்கும். விரைந்து செல்வது குறைவாகவே வளையும். வேகத்தைத் தீர்மானிக்காமல் கோட்டைத் தீர்மானிக்க இயலாது.

காலால் சரிவை அறியும் முறைக்கு இப்போது மேலைநாட்டில் ஒரு பெயரே உண்டு. மார்க் சுவீனி என்னும் அமெரிக்கர் வகுத்த எய்ம்பொயின்ற் முறையில், ஆட்டக்காரர் கோட்டின் மேல் கால்களை அகட்டி நின்று பாதங்களால் சரிவை உணர்ந்து, அதற்கேற்ப விரல்களை உயர்த்திக் குறியைக் கணிக்கிறார். அதனைக் கட்டணம் செலுத்திக் கற்கிறார்கள். சுவீனி தம் கணக்கால் கண்டடைந்தது அவரது உழைப்பு. அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் சப்பாத்தில்லாத சிறுவன் ஒருவன் அரை நூற்றாண்டுக்கு முன்னரே அதில் ஒரு பகுதியை அறிந்திருந்தான் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்றும் இங்கே கருதத்தக்கது. ஆட்டக்காரர் அடிப்பதற்கு நிலையெடுக்கத் தொடங்கிய பின்னர், கெடி வேண்டுமென்றே பந்துக்குப் பின்னால் கோட்டின் நேரில் நின்று அவரை நேர்நிறுத்த உதவக்கூடாது. குறிபார்த்து நேராக நிற்பது ஆட்டக்காரரின் அடிப்படைத் திறன் என்பதே காரணம். அத்திறன் நெடுங்காலமாக இருவருக்குப் பொதுவாக இருந்தது என்பதை இவ்விதி தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கிறது.

வாய்ப்புக் கிடைத்த இடங்களில் கெடிகள் தாமே வென்றும் காட்டினர். டெல்லியில் கெடியாக இருந்த அலி ஷேர் 1991 இல் இந்தியன் ஓப்பின் பட்டத்தை வென்றார். அதனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. பெங்களூரின் முனியப்பாவும் கெடியாக இருந்தவர்தான். அவர் அதே பட்டத்தை 2009 இல் பெற்றார். தென்னாபிரிக்காவில் இந்திய வம்சாவளியினரான பப்வா செவ்கோலம், கெடியாகத் தொடங்கி 1963 இல் நேற்றால் ஓப்பினை வென்றார். நிறவெறி ஆட்சியில் அவர் கழகக் கட்டடத்தினுள் செல்ல இயலவில்லை. மழையில் வெளியே நின்று கிண்ணத்தைப் பெற்றார்.

எங்கள் மலையக மக்களுக்கு வாய்த்தது வேறு. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலையெண்ணிப் பிரித்தது. எழுபதுகளின் பஞ்சமும் 1977 இன் வன்செயலும் பல்லாயிரவரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. காட்டை வெட்டினர், வயலை மட்டப்படுத்தினர். காணிக்கு அனுமதிப்பத்திரமின்றி நெடுங்காலம் வாழ்ந்தோர் அவர்களில் பலர். 2009 இல் அந்நிலத்தையும் விட்டு முள்வேலி முகாமுக்குச் சென்று, பின் திரும்பி வந்தனர்.

பெரியவர் தம் வயலைக் காட்டிச் சொன்னது நினைவிருக்கிறது. தண்ணீர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சீராகப் பரவ வேண்டுமானால் நிலத்தின் மட்டத்தைப் பாதம் அறிய வேண்டுமாம். துரையின் புற்றரையில் கற்றதைத் தம் வயலில் பயன்படுத்தினார். பிறருடைய வெற்றிக்கு உதவிய அறிவு, கடைசியில் அவருடைய நெல்லுக்கும் உதவியது.

அவரைப் போன்றோர் இன்று மிகச் சிலரே எஞ்சியிருப்பர். வன்னியின் வரலாற்றை எழுதுவோர் குளக்கட்டுகளையும் மன்னர்களையும் போர்களையும் எழுதுகின்றனர், எழுதத்தான் வேண்டும். அதனோடு இந்த மக்கள் தம்முடன் கொண்டுவந்த கைத்திறனையும் கால்திறனையும் கேட்டெழுதுவது எமது கடன். பல்கலைக்கழக மாணவர் எவரேனும் ஒலிப்பதிவுக் கருவியோடு அக்கிராமங்களுக்குச் செல்வாராயின், கேட்பதற்கு அங்கே இன்னும் நிறைய உண்டு.