சேரி, காலனி, நகர்: பெயரை யார் வைத்தது?

தோழர்களே, வேளச்சேரியில் வீடு என்று சொன்னால் "அடேயப்பா, சதுர அடி என்ன விலை?" என்பார்கள். புதுச்சேரிக்குப் போகிறோம் என்றால் "ஜாலிதான்" என்பார்கள். வெறும் சேரியில் வீடு என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். மூன்றிலும் இருப்பது ஒரே சொல்தான்.

'சேர்' என்பதிலிருந்து வந்தது சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். குடவோலை முறைக்காக நாம் பள்ளியில் படித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) எடுத்துக்கொள்வோம். அது பிராமணர்களுக்கான சதுர்வேதிமங்கலம். அந்த ஊருக்குள் பன்னிரண்டு சேரிகள் இருந்ததை அதே கல்வெட்டு சொல்கிறது. ஆக, வேதம் ஓதியவர்களும் சேரிவாசிகள்தான்!

நூறு ஆண்டு கழித்து ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வருவோம். கம்மாளர் வாழ்ந்தது கம்மாணச்சேரி. கோயில் பெண்டுகள் வாழ்ந்தது தளிச்சேரி. கூடவே பறைச்சேரி. அதற்கும் மேலே 'தீண்டாச்சேரி' என்று ஒன்று. பொற்காலம் என்று புகழப்படும் காலத்தின் கல்லிலேயே தீண்டாமை வெட்டப்பட்டிருக்கிறது. அப்போதும் குற்றம் 'சேரி' என்ற சொல்லில் இல்லை. அதற்கு முன்னால் ஒட்டிய 'தீண்டா'வில் இருந்தது. இன்று மற்றவர்கள் தெரு, அக்கிரகாரம், நகர் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சேரி நம்மிடம் மட்டும் தங்கிவிட்டது. சொல்லாமலே அந்த 'தீண்டா'வும் அதில் ஒட்டிக்கொண்டது.

பிறகு காலனி வந்தது. லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவர், 'கொலோனியா' என்றால் அவர்களின் குடியிருப்பு. ஜெர்மனியின் கொலோன் நகரம்கூட அந்தக் காலனிதான். நிலமே இல்லாத மக்களின் இடத்துக்கு உழவர் குடியிருப்பு என்று பெயர்! நகரத்தில் ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் "நீங்க காலனியா?" என்றால் அது சாதி விசாரணை. ரெண்டுசுழி 'ன' போட்டால் காலனி, மூணுசுழி 'ண' போட்டால் காலணி. காலனிக்காரர் காலணி போட்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்ற ஊர்கள் எத்தனை! சுழி ஒன்றுதான் வித்தியாசம், அதற்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறினால் போதுமா? 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. சென்னையின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டார்கள். நீதி கேட்டு நகரத்தையே எரித்தவளின் பெயர், நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் இடத்துக்கு! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் போலும்.

பெயரை யார் வைத்தது என்பதுதான் நம் கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவென்று சொன்னதையே தலைப்பில் போட்டு நிமிர்ந்தார். எம்.சி. ராஜா நேர் எதிர் வழியில் போனார். அவர் சட்டமன்றத்தில் வலியுறுத்த, 1922இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசு ஆணையானது. வழிகள் வேறு, ஆனால் இரண்டும் நாமே வைத்துக்கொண்ட பெயர்கள். 'ஹரிஜன்' அப்படியல்ல. அது மேலிருந்து வந்தது. அதைச் சட்டத்தில் நுழைக்க முயன்றபோது, 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கர் தம் கட்சியினரோடு வெளிநடப்பு செய்தார்.

ஆகவே உங்கள் தெருவின் பெயர்ப்பலகை மாறும்போது கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். புதுப்பெயரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அங்கு வாழ்பவர்களைக் கேட்டார்களா? பலகையோடு பட்டா, தண்ணீர், சுடுகாட்டுப் பாதையும் வந்தனவா? மூன்றாவதற்குப் பதில் 'இல்லை' என்றால், பலகைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.