டெலான்சி தெரு அறக்கட்டளை

டெலான்சி தெரு அறக்கட்டளை, பலமுறை சிறை சென்று மீண்டவர்களும் போதைக்கு அடிமையாகிக் கிடந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, உழைத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொள்ளும் அமெரிக்க அமைப்பு. தலைமையிடம் சான் பிரான்சிஸ்கோ. ஹெராயினும் சிறையும் கண்டு மீண்ட ஜான் மேஹர் 1971இல் இதைத் தொடங்கினார். குற்றவியலிலும் உளவியலிலும் முனைவர் பட்டம் பெற்ற மிமி சில்பர்ட் தொடக்கத்திலேயே உடன் சேர்ந்து, பல பத்தாண்டுகள் தலைமை வகித்தார். குடியேறிகள் வந்து இறங்கி வாழ்க்கையைத் தொடங்கிய நியூயார்க் தெரு ஒன்றின் பெயரையே அமைப்புக்கு வைத்தார்கள்.

இங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் கிடையாது. சேர வருபவர் வாசலருகே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அவரை நேர்காணல் செய்பவர்களும் முன்னாள் கைதிகளே. தங்கள் பழைய பொய்களையெல்லாம் வேறொருவர் வாயால் கேட்கும்போது அவர்கள் ஏமாறுவதில்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்க வேண்டும். மது, போதைப்பொருள் கூடாது, அடிதடி கூடாது, அடிப்பேன் என்ற மிரட்டலும் கூடாது. கை நீட்டியவர் அன்றே வெளியேற வேண்டியதுதான். மனதில் அடைத்துவைத்த கோபத்தைக் கொட்டுவதற்கென்று தனியாகக் குழுக் கூட்டங்கள் உண்டு.

புதிதாக வந்தவர் தரை துடைப்பதில் தொடங்குவார். அதில் கொஞ்சம் தேறியதுமே அடுத்து வருபவருக்கு அதைக் கற்றுத்தர வேண்டும். எட்டாம் வகுப்பு அளவுக்குப் படித்தவர் ஐந்தாம் வகுப்பு அளவில் நிற்பவருக்குப் பாடம் சொல்லித்தருவார். காலமெல்லாம் பிறர் பொறுப்பில் அடைபட்டிருந்தவரிடம் இன்னொருவரின் பொறுப்பு வந்து சேர்கிறது. இந்த அமைப்பின் உயிர்நாடி இதுதான் என்று சொல்லலாம். வெளியேறுமுன் பள்ளி இறுதிக்கு இணையான சான்றிதழும், பிழைப்புக்கு உதவும் மூன்று தொழில்களும் கைவசமாக வேண்டும்.

செலவுக்கான பணத்தில் பெரும்பங்கு சொந்தத் தொழில்களிலிருந்தே வருகிறது. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித்தரும் லாரி நிறுவனம் அவற்றில் பெயர்பெற்றது. ஒரு காலத்தில் வீடு புகுந்து திருடியவர்களிடமே வீட்டைத் திறந்துவிடுகிறார்கள் நகரவாசிகள்! சான் பிரான்சிஸ்கோவின் எம்பர்காடெரோ சாலையில் நடத்திவந்த உணவகத்தில் வாடிக்கையாளர் தந்த டிப்ஸ், பரிமாறியவரின் பைக்குப் போகாமல் பொதுநிதியில் சேர்ந்தது. அந்த உணவகம் அமைந்த, குடியிருப்பும் கடைகளும் கொண்ட வளாகத்தைக் கட்டியவர்களும் பெரும்பாலும் இங்கு வாழ்ந்தவர்களே. கொத்து வேலையும் தச்சு வேலையும் கட்டிக்கொண்டே கற்றார்கள்.

கடைசிக் கட்டத்தில் வெளியே வேலைக்குப் போய்க்கொண்டே இங்கு தங்கலாம். சிறைக்கதவு திறந்ததும் ஒரே நாளில் தெருவில் நிற்க நேரும் பலருக்கு இந்த இடைக்காலம் வாய்ப்பதில்லை. ஆனால் இந்த அமைப்பின் வெற்றிக் கதைகளை அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவை முழுக் காலமும் தாக்குப்பிடித்தவர்களின் கதைகள். கட்டுப்பாடு பிடிக்காமல் பாதியிலேயே கிளம்பிப் போனவர்களும் இங்கு உண்டு. அவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.