மெய்நிகர் உலகங்கள்: நான்கு கேள்விகளில் வகை பிரிக்கலாம்

பிள்ளை கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தால், "கேம் விளையாடுகிறான்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், பலர் ஆளுக்கொரு உருவத்துடன் நுழைந்து பேசிப் பழகும் மெய்நிகர் உலகங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. வகை தெரிந்தால்தான் எதைக் கவனிக்க வேண்டும் என்பது புரியும்.

இவற்றின் முன்னோடி, 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'மட்'. அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டல், 1996-இல் ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தார்: சாதிக்க வருவோர், சுற்றிப் பார்க்க வருவோர், பழக வருவோர், பிறரைத் தாக்க வருவோர். உலகங்களையும் நான்கு கேள்விகளால் பிரிக்கலாம்.

1. இலக்கு உண்டா?
2004-இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' பணிகளைக் கொடுத்து, படிப்படியாக நிலை உயர்த்துகிறது. 2003-இல் வந்த 'செகண்ட் லைஃப்'பில் வெற்றி, தோல்வி இல்லை; பழகுவதும் கட்டுவதும்தான்.

2. கட்டுவது யார்?
வார்கிராஃப்ட் உலகத்தை நிறுவனமே கட்டியது. 'ரோப்லாக்ஸ்'ஸில் பயனர்களே ஆட்டங்களை உருவாக்குகிறார்கள். அதில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று நம்பக்கூடாது.

3. நாம் வெளியேறினால் நிற்குமா?
'மைன்கிராஃப்ட்'டைத் தனியாக ஆடினால் நிற்கும். பலர் கூடும் சர்வரில் ஆடினால், நாம் இல்லாமலும் தொடரும். கூப்பிட்டவுடன் பிள்ளை எழுந்து வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

4. பணம் எங்கே போகிறது?
செகண்ட் லைஃப்பின் லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றலாம். வார்கிராஃப்ட் தங்கத்தை உண்மைப் பணத்திற்கு விற்பதை அதன் விதிகள் தடுக்கின்றன. ரோபக்ஸை யாரும் வாங்கலாம். நிறுவனத்தின் நிபந்தனைகளை நிறைவு செய்யும் படைப்பாளர்கள் மட்டுமே சம்பாதித்ததைப் பணமாக்கலாம். சாதாரணமாக ஆடும் பிள்ளை செலவழித்த ரிங்கிட் திரும்பி வராது.

ஒன்றை மறக்கக்கூடாது. 2005-இல் தொடங்கிய சிறுவர் உலகமான 'கிளப் பெங்குயின்', 2017 மார்ச்சில் மூடப்பட்டது. பிள்ளைகள் அங்கே சேர்த்து வைத்தவையும் அதோடு போயின. இந்த உலகங்களில் நாம் குடியிருப்பவர்களே தவிர, உரிமையாளர்கள் அல்லர்.

அடுத்த முறை திட்டுவதற்கு முன், இந்த நான்கு கேள்விகளையும் பிள்ளையிடமே கேளுங்கள். பதில் அவர்களுக்குத் தெரியும்.