புவி அறிவியல் ஆய்வு உதவித்தொகை

புவி அறிவியல் ஆய்வு உதவித்தொகை என்பது நிலவியல், புவி இயற்பியல், கடலியல், வளிமண்டலவியல் போன்ற துறைகளில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வோருக்குக் கிடைக்கும் பண உதவி. இந்தியாவில் இத்துறைக்கு முதலில் கைகொடுத்தது தனியார் கொடை. பின்னர் அரசு உதவி வளர்ந்து கொடையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. இந்த மாற்றத்தின் சுவடுகள் ஐதராபாத்தில், குறிப்பாக அமீர்பேட் வட்டாரத்தில், இன்றும் தெரிகின்றன.

தொடக்கம் ஓர் உயிலில் இருக்கிறது. ஜான் போர்த்விக் கில்கிறிஸ்ட் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவர். இந்துஸ்தானிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர். 1841இல் அவர் இறந்தபோது கல்விக்கென விட்டுச்சென்ற சொத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து நிலமும் அடக்கம். உறவினர்கள் வழக்குத் தொடுத்ததால் அந்தப் பணம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 1865இல்தான் அவர் பெயரிலான அறக்கட்டளை செயல்படத் தொடங்கியது. அதன் உதவித்தொகையை 1874இல் வென்று லண்டன் சென்றவர் வங்காளத்தின் பிரமதநாத் போஸ். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அன்று பிஎச்.டி. பட்டமே கிடையாது; அவர் படித்தது அறிவியல் பட்டமும் சுரங்கக் கல்வியும். 1880இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் உயர்பதவியில் சேர்ந்தார். தன்னைவிட இளையவரான தாமஸ் ஹாலந்து தலைமைக்கு உயர்த்தப்பட்டதும் 1903இல் விலகி, மயூர்பஞ்ச் சமஸ்தானத்துக்குப் பணியாற்றப் போனார். அங்கே இரும்புத் தாது வளத்தைக் கண்டு 1904இல் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு எழுதிய கடிதமே டாடா இரும்பு ஆலைக்கு வழிவகுத்தது. ஓர் உதவித்தொகையின் பலன் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்த வேறோர் எடுத்துக்காட்டை இந்திய நிலவியலில் காண்பது கடினம். அந்த டாடாவும் கொடையாளரே. 1892இல் அவர் நிறுவிய நிதி, வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போவோருக்கு இன்றும் கடன் உதவித்தொகை வழங்குகிறது.

ஐதராபாத்தில் கொடை முதலில் கருவியாக வந்தது. நவாப் ஜாபர் ஜங் என்ற பிரபு இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வரவழைத்து, 1901இல் தன் சொந்தச் செலவில் நிஜாமியா வானாய்வகத்தை அமைத்தார். அவர் 1907இல் மறைந்தார்; மறு ஆண்டு அது நிஜாம் அரசின் பொறுப்புக்கு வந்து அமீர்பேட்டுக்கு இடம்பெயர்ந்தது. பின்னாளில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. விண்மீன்களைப் படமெடுத்துப் பட்டியலிடும் பன்னாட்டுத் திட்டத்தில் பங்கேற்ற அதே வளாகத்தில் நிலநடுக்கமானியும் இயங்கியது. வானும் மண்ணும் ஒரே கூரையின்கீழ் அளக்கப்பட்ட காலம் அது. அமீர்பேட் என்றதும் மென்பொருள் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளை மட்டும் நினைப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

அந்த வானாய்வகத்தில் பணியாற்றிய உதவியாளர் ஒருவரின் மகன்தான் வானியலாளர் வைணு பாப்பு. ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு சென்று 1952இல் முனைவரானார். அதன்பின் கலிபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில் அவர் ஆய்வு செய்தது கார்னெகி உதவித்தொகையில். எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னெகி 1902இல் நிறுவிய அந்த அமைப்புதான் புவிக்காந்தவியல் துறை ஒன்றையும் புவி இயற்பியல் ஆய்வகம் ஒன்றையும் வாஷிங்டனில் நடத்திவந்தது. பாப்பு பின்னாளில் அமைத்த காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறி, அரசு உதவி வளர்ந்தது. 1961இல் ஐதராபாத்தில் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் தஞ்சை மாவட்டத்துக்காரரான எம்.எஸ். கிருஷ்ணன், லண்டனில் பிஎச்.டி. முடித்தவர். நிறுவனம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் கீழ் இயங்குவது. அங்கே ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் வென்று இளநிலை ஆய்வாளராக, அதாவது ஜே.ஆர்.எஃப். ஆகச் சேருகிறார்கள். அவர்கள் பெறும் உதவித்தொகை 2014இல் மாதம் 25,000 ரூபாய். ஆய்வாளர்களின் போராட்டத்துக்குப் பின் 2019இல் 31,000. 2023 ஜனவரி முதல் 37,000. ஆனால் சில்லறைச் செலவுக்கான ஆண்டு மானியம் 20,000 ரூபாய்தான். பாறை மாதிரி சேகரிக்க வண்டி வாடகை, தங்கும் செலவு, மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அது ஒரு களப்பயணத்துக்கே எட்டாது. வழிகாட்டியிடம் ஆய்வுத் திட்டப் பணம் இருந்தால் தப்பிக்கலாம்.

அமெரிக்க நிலவியல் கழகம் இந்த இடைவெளியைக் கொடையால் நிரப்புகிறது. 1931இல் இறந்த பென்ரோஸ் என்ற நிலவியலாளர் கழகத்துக்குச் சுமார் 40 லட்சம் டாலர் விட்டுச்சென்றார். அந்த நிதியின் தெம்பில் வளர்ந்த ஆய்வு மானியங்கள் மாணவரின் சாப்பாட்டுச் செலவுக்கல்ல, களப்பணிக்கே போகின்றன. வட, மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்போருக்கே அவை உரியவை. ஐதராபாத்தின் உப்பல் சாலையில் உள்ள தேசியப் புவி இயற்பியல் நிறுவனத்தின் மாணவருக்குப் பயன்படாது.

இந்தியருக்குத் திறந்திருக்கும் தனியார் நிதியில் குறிப்பிடத்தக்கது, எண்ணெய்த் துறையைச் சார்ந்த ஸ்லம்பர்ஜர் அறக்கட்டளை 2004 முதல் வளரும் நாடுகளின் பெண்களுக்கு அறிவியல், பொறியியல் முனைவர் ஆய்வுக்காக வழங்கும் உதவித்தொகை. உள்நாட்டுக் கொடை இத்துறையில் பதக்கமாகவும் நினைவுச் சொற்பொழிவாகவுமே அதிகம் காணப்படுகிறது. கிருஷ்ணன் பெயரிலும் ஒரு பதக்கம் உண்டு. 2023இல் சட்டமான தேசிய ஆய்வு நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்ட அரசு, அதில் 36,000 கோடி அரசு வரவுசெலவுக்கு வெளியே தொழில் நிறுவனங்கள், கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வரும் என்று கணக்கிட்டிருக்கிறது.