தங்கவயலின் படிப்பு

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்களுக்குக் கிடைத்தது நிலத்தடி வேலை. மேற்பார்வை பெரும்பாலும் வெள்ளையரிடம் இருந்தது.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடிக்கும் அபாயத்துக்கு நடுவே துளையிடுதல், தாங்குகட்டை நிறுத்துதல், வின்ச் ஓட்டுதல் எல்லாம் மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று கற்றவை. அந்த அறிவுக்குப் பெரும்பாலும் சான்றிதழ் கிடைக்கவில்லை என்பது பெரிய அநியாயம்.

எழுத்தறிவுப் பசி வேறு வழியில் வளர்ந்தது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றி, ஒடுக்கப்பட்ட தொழிலாளர்களிடையே வாசிப்பைப் பரப்பியது.

1960-களில் மண் அகழும் இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலையும் தங்கவயலுக்கு வந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் வேலைக்காக இன்றும் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.