மண்ணீரலும் செவிசாய்க்கப்படாத ஓர் எச்சரிக்கையும்

கல்லீரல், நுரையீரல், மண்ணீரல் என்று மூன்று உறுப்புகளையும் தமிழ் ஒரே ஈற்றில் இணையாக நிறுத்துகிறது. அறுவை மருத்துவமோ மூன்றாவதற்கு அத்தகுதியை நெடுங்காலம் வழங்கவில்லை.

காயமுற்ற மண்ணீரலை அகற்றிவிட வேண்டும், அதனால் கேடு விளையாது என்பது சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தியோடர் கோக்கரின் கருத்து. 1911-இல் வெளிவந்த அவரது நூல் அவ்வாறே கூறுகிறது. தைராய்டு சுரப்பியை முழுவதும் நீக்கினால் நோயாளியின் உடலும் அறிவும் மங்குவதை 1883-இலேயே அறிவித்தவரும் இவரே என்பதுதான் வியப்பு. தைராய்டின் இழப்பு முகத்திலேயே தெரிந்தது. மண்ணீரலை இழந்தவரோ ஆண்டுக்கணக்கில் நலமாக நடமாடுவார். ஒருநாள் காய்ச்சல் கண்டு, சிலவேளை ஒரு பகலுக்குள்ளேயே இறந்துபோவார். அச்சாவைப் பழைய அறுவையோடு தொடர்புபடுத்த எவருக்கும் தோன்றவில்லை.

மண்ணீரல் நீக்கப்பட்ட எலிகள் தொற்றுக்கு எளிதில் இரையாவதை மாரிஸ், புல்லக் என்னும் இருவர் 1919-இல் சோதித்துக் காட்டி, மனிதருக்கும் இது பொருந்தக்கூடும் என எச்சரித்தனர். சான்று அச்சில் இருந்தது. அறுவைக்கூடத்தின் வழக்கம் மாறவில்லை. பச்சிளம் பருவத்தில் மண்ணீரல் நீக்கப்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு நேர்ந்த கடுந்தொற்றை அமெரிக்காவின் கிங், ஷூமேக்கர் ஆகியோர் 1952-இல் பதிவுசெய்த பின்னரே ஐயம் வலுத்தது. நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பொருளாலான உறையைப் போர்த்தியவை. அவற்றைக் குருதியிலிருந்து வடித்தெடுப்பதில் மண்ணீரலுக்கு நிகரான உறுப்பு வேறில்லை.

நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகியோர் வெளியிட்டதும் அதே 1952-இல்தான். இவ்விரு செய்திகளுக்கும் உறவுண்டு என்பது அப்போது புலப்படவில்லை. அரிவாள் செல் சோகையுள்ள குழந்தைகளின் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படும் அளவு வீங்கியிருந்தும் செயலற்றிருக்கக்கூடும் என்பதை ஹோவர்ட் பியர்சனும் உடனாய்வாளர்களும் 1969-இல் கதிரியக்கப் படங்களின் வழி நிறுவினர். கத்தி படாமலேயே அவ்வுறுப்பு இழக்கப்பட்டிருந்தது! உறுப்பு இருக்கிறதா என்று கேட்பது போதாது, இயங்குகிறதா என்றே கேட்கவேண்டும் என மருத்துவம் உணர்ந்தது அப்போதுதான்.

அமெரிக்காவில் இக்குழந்தைகளுக்கு நாள்தோறும் இருவேளை பெனிசிலின் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1986-இல் வெளிவந்தது. நிமோகாக்கஸ் தொற்று 84 விழுக்காடு குறைந்திருந்தது. மறு குழுவினருக்கு வெற்று மாத்திரையைத் தொடர்வது முறையன்று என்பதால், அவ்வாய்வு குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்தப்பட்டது.