வாத்தியாருக்கு யார் தைரியம் சொல்லிக்கொடுப்பது?

கையில் பாடக்குறிப்பு இருக்கிறது. நிமிடக் கணக்குப் போட்டு எழுதி, விரிவுரையாளரிடம் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. முதல் ஐந்து நிமிடம் ஊக்கப்படுத்துதல். அப்புறம் பாடம். கடைசியில் மதிப்பீடு, வீட்டுப்பாடம். எல்லாம் கச்சிதம். நாலாவது நிமிடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருகிறது: "டீச்சர், இதை எதுக்குப் படிக்கணும்?"

பாடக்குறிப்பில் இதற்கு வரி கிடையாது.

பயிற்சிக்காகப் பள்ளிக்கூடம் போய்வந்த பி.எட். மாணவர்கள் யாரையாவது கேட்டுப்பாருங்கள். பாடம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயமெல்லாம் அந்த எழுதப்படாத வரியைப் பற்றித்தான். ஒன்று, "உட்கார்றா!" என்று கத்துவார்கள். அல்லது காதில் விழாத மாதிரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இரண்டையுமே நாற்பது பிள்ளைகளும் ஒரு நொடியில் மோப்பம் பிடித்துவிடும். அதன்பிறகு அந்த வகுப்பில் குப்பை கொட்டுவது கஷ்டம்.

1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவர் இதற்கு ஒரு வைத்தியம் சொன்னார். மைக்ரோ டீச்சிங். எதிரே நாலைந்து பேர், ஐந்து பத்து நிமிடப் பாடம். முடிந்ததும் குறைகளைச் சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடி நடத்தவேண்டும். நம் ஊர் பி.எட். வகுப்புகளிலும் 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்று இது குடியேறிவிட்டது. நல்ல வைத்தியம்தான். என்ன சிக்கல் என்றால், இங்கே எதிரே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சக மாணவர்கள். அவர்கள் எதுக்குப் படிக்கணும் என்று கேட்கமாட்டார்கள்!

எதிர்பாராததைச் சமாளிக்கத் தனியாக ஒரு பயிற்சி உண்டு. நாடகக்காரர்கள் அதை இம்ப்ரொவைசேஷன் என்பார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. எதிராளி சொல்வதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியை அந்தக் கணத்திலேயே உண்டாக்கவேண்டும். கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது.

'நாடகக்காரர் வித்தை வாத்தியாருக்கு எதற்கு?' என்று கேட்பீர்கள். வேடிக்கையே இதில்தான் இருக்கிறது. இன்றைக்கு உலகமெங்கும் நடிகர்கள் பழகும் இந்தப் பயிற்சியை உருவாக்கிய முக்கியமான ஆசாமிகளைத் தேடிப் போனால், அவர்கள் எல்லோரும் வாத்தியார்களாக இருக்கிறார்கள்.

*

சிகாகோ நகரத்தில் ஹல் ஹவுஸ் என்று ஒரு சமூக சேவை மையம். 1889-ல் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரண்டு பெண்கள் ஆரம்பித்தது. பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர்கள், கிரேக்கர்கள், ரஷ்ய யூதர்கள் என்று அக்கம்பக்கமெல்லாம் ஆளுக்கொரு பாஷை. அங்கே நேவா பாய்ட் என்ற அம்மையார் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். குழந்தைகளை விளையாட வைப்பது எப்படி என்று பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிற பள்ளி! 1924-ல் அதில் சேர்ந்து மூன்று வருடம் படித்தவர், வயோலா ஸ்போலின்.

1930-களின் இறுதி. பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கா தத்தளித்துக்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஸ்போலினுக்கு நாடக மேற்பார்வையாளர் வேலை. குடியேறிகளின் பிள்ளைகளை மேடையேற்ற வேண்டும். அங்கே லெக்சர் எடுபடுமா? ம்ஹூம். எனவே விளையாட்டு.

உதாரணத்துக்கு, கண்ணாடி விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் கையை அசைத்தால் அடுத்தவர் கண்ணாடி பிம்பம் மாதிரி அப்படியே அசைக்கவேண்டும். திடீரென்று 'மாற்று' என்பார் ஆசிரியர். பிம்பம் ஆளாகும், ஆள் பிம்பமாகும். அவ்வளவுதான். ஆனால் கவனம் முழுக்க எதிராளியின் கைமீது இருக்கும்போது, 'நான் எப்படித் தெரிகிறேன்? சிரிப்பார்களோ?' என்ற கவலைக்கு மனசில் இடமில்லை. 'பயப்படாதே' என்று நூறு தடவை சொன்னாலும் நடக்காத காரியம் இது.

ஆசிரியரின் 'சபாஷ்'ஷுக்கு ஏங்குவதும் 'தப்பு'க்கு நடுங்குவதும் ஒரே வியாதி என்றார் ஸ்போலின். அவர் மகன் பால் சில்ஸ் இந்த விளையாட்டுகளை நடிகர்களிடம் கொண்டுபோனார். 1959-ல் செகண்ட் சிட்டி என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நாடகக் குழு பிறந்தது. ஸ்போலினின் புத்தகம் வெளியானது 1963-ல். அங்கே மைக்ரோ டீச்சிங் பிறந்த அதே வருடம்!

*

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். 1950-களின் தொடக்கம். எக்ஸிட்டர் நகரின் செயின்ட் லூக்ஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. மாணவர் பெயர் கீத் ஜான்ஸ்டன். கூச்ச சுபாவி. பள்ளிக்கூடம் என்றாலே கசப்பு. அவருக்கு ஓவிய ஆசிரியர், ஆன்டனி ஸ்டிர்லிங்.

ஒருநாள் ஸ்டிர்லிங் கறுப்புப் பெயின்ட்டைக் கலக்கிவைத்தார். 'ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளி இந்தப் பெயின்ட்டுக்குள் புகுந்து உங்கள் காகிதத்தின்மேல் ஓட்டிப் போகிறான். கோமாளியை வரையாதீர்கள். அவன் விட்டுப்போன தடத்தை வரையுங்கள்' என்றார். அப்புறம் அதற்குள் வண்ணம் தீட்டச் சொன்னார். வருங்கால ஆசிரியர்கள் முகம் சுளித்துக்கொண்டே செய்தார்கள். எல்லாம் அலங்கோலம். அதன்பின் ஸ்டிர்லிங் வேறு சில ஓவியங்களை எடுத்துக் காட்டினார். இதே பயிற்சியில் வந்தவை. அசந்துவிட்டார் ஜான்ஸ்டன். அத்தனை அழகு! வரைந்தது யார் தெரியுமா? சின்னஞ்சிறு பிள்ளைகள்.

நம்மிடமும் இருந்ததுதானே இது, எங்கே தொலைத்தோம்? இந்தக் கேள்வியோடுதான் ஜான்ஸ்டன் லண்டனின் பேட்டர்ஸீ பகுதிக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். படிப்பு ஏறாது என்று மற்றவர்கள் கைகழுவிய பிள்ளைகளிடம் பாடம் நடத்தினார். 1956-ல் ராயல் கோர்ட் தியேட்டரில் சேர்ந்தபோது, தன் வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தலைகீழாக்கிப் பயிற்சிகள் உருவாக்கினார்.

1979-ல் வெளியான அவரது 'இம்ப்ரோ' புத்தகத்தில் மூன்று ஆசிரியர்களைப் பற்றிச் சொல்கிறார். ஒருவரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வகுப்பு சந்தைக்கடை. இன்னொருவர் யாரையும் தண்டித்ததில்லை, இருந்தாலும் வகுப்பே நடுங்கும். மூன்றாமவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அவர் நினைத்த கணத்தில் அமைதியும் வரும். வித்தியாசம் என்ன? முதலாமவருக்குத் தாழ்ந்து போகத்தான் தெரியும். இரண்டாமவருக்கு உயர்ந்து நிற்கத்தான் தெரியும். மூன்றாமவருக்கு இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கத் தெரியும். இதைப் பிறவிக் குணம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். பழகிக்கொள்ளலாம் என்றார் ஜான்ஸ்டன்.

இன்னொரு பாடம், எதிராளி நீட்டுவதைத் தட்டிவிடாமல் வாங்கிக்கொள்வது. 'எதுக்குப் படிக்கணும்?' என்ற அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 'உட்கார்' என்றால் தட்டிவிட்டீர்கள். 'சரி, இது யாருக்குமே தெரியாத ஓர் ஊர் எப்படி இருக்கும்? நீயே சொல்லு' என்றால் வாங்கிக்கொண்டீர்கள். பாடம் அங்கிருந்தே நடக்கும்.

ஜான்ஸ்டன் தன் வகுப்பில் தரையில் உட்கார்ந்துகொள்வாராம். மாணவர் தோற்றால் பழி என்னுடையது என்று முதலிலேயே அறிவித்துவிடுவாராம். காமர்ஸ் பாஷையில், நஷ்டத்தையெல்லாம் வாத்தியார் தன் கணக்கில் பற்று எழுதிக்கொள்கிறார். அப்புறம் மாணவருக்கு என்ன பயம்?

*

மூன்றாவது ஆசாமியின் கதை சினிமா மாதிரி. டாரதி ஹீத்கோட், 1926-ல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 14 வயதில் மில்லில் தறி ஓட்டப் போனார். நடிப்புப் பள்ளியில் இடம் கிடைத்தபோது மில் முதலாளியே பணம் கட்டினார். சரிப்பட்டு வரவில்லையென்றால் உன் மூன்று தறிகளும் காத்திருக்கும் என்று சொல்லியனுப்பினார்.

நடிகையாகவில்லை. ஆனால் 24 வயதில் நியூகாஸிலில் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் வேலை கிடைத்தது. பட்டம் கிடையாது. ஆசிரியர் பயிற்சியும் கிடையாது. வகுப்புக்குள் நுழைந்து, 'எதைப் பற்றி நாடகம் போடலாம்?' என்று பிள்ளைகளையே கேட்பார். அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதிலிருந்து ஆரம்பம். தானும் ஒரு பாத்திரமாக உள்ளே போவார். பல நேரம் ஒன்றும் தெரியாதவராக, உதவி கேட்டு வந்தவராக. பிள்ளைகள் நிபுணர்களாகிவிடுவார்கள். தனக்குத் தெரியாது என்று வகுப்பின் நடுவே நிற்பதுதானே புது ஆசிரியரின் கெட்ட கனவு? அதையே ஒரு கற்பித்தல் முறையாக மாற்றிவிட்டார் ஹீத்கோட். 1971-ல் பி.பி.சி. அவரைப் பற்றி எடுத்த படத்தின் பெயரே 'காத்திருக்கும் மூன்று தறிகள்' என்ற பொருளில்தான். 2011-ல் இறக்கும்வரை அந்தத் தறிகளுக்கு வேலை வரவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்றால், 2020-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். இருபதே நிமிட இம்ப்ரொவைசேஷனுக்குப் பிறகு, நிச்சயமற்ற நிலையைத் தாங்கும் சக்தி கூடியது. சோதிக்கப்பட்டவர்கள் பயிற்சி ஆசிரியர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். தவிர, இது தயாரிப்பில்லாமல் வகுப்புக்குப் போக லைசென்ஸும் இல்லை. ராகம் தெரியாதவர் கல்பனாஸ்வரம் பாட முடியாது.

ஒரு பயிற்சிக் கல்லூரி இதைச் செய்துபார்க்க மேடை வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம், பெஞ்சுகளை ஓரங்கட்டிய ஒரு ஹால் போதும். அப்புறம், மாணவர்கள் முன்னால் முதல் ஆளாக அசடு வழியத் தயாராக இருக்கும் ஒரு பேராசிரியர்.

அவர் கிடைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.